சும்மா நின்று பார்க்கிற வேலை: வாசகர் கேள்வி பதில்

வேலை செய்கிறவர்களைக் கவனித்து அதிலிருந்து வேலைமுறையைத் திருத்துவது பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர் நான். ‘புது யோசனை சொல்லுங்கள்’ என்று பெட்டி வைத்தோம். ஆறு மாதத்தில் மூன்று சீட்டுதான் விழுந்தது. ஒன்றில் ஃபேன் வேண்டும், இன்னொன்றில் டீ நன்றாக இல்லை, மூன்றாவது வெறும் காகிதம். ஆட்களுக்கு அக்கறை இல்லையா, நான் கேட்கிற விதம் தப்பா?

முதலில் ஃபேனைப் போடுங்கள். அதுவும் யோசனைதான். அதைச் செய்யாத வரை நான்காவது சீட்டு விழாது.

அக்கறை இல்லாமல் இல்லை. தினமும் செய்கிற வேலையில் உள்ள சிரமம் செய்கிறவருக்கே தெரியாது, உடம்பு அதற்கு வளைந்து கொடுத்துப் பழகியிருக்கும். 1885-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்ற இளைஞர் கொத்து வேலை கற்கச் சேர்ந்தார். கொத்தனார்கள் அவசரத்தில் ஒரு விதமாகக் கல் வைக்கிறார்கள், நிதானத்தில் இன்னொரு விதம், அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாவதாக ஒரு விதம். ‘எப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால் அந்த மூன்றாவதுதான் பதிலாக வரும். உங்கள் பெட்டி கேட்டதும் அதைத்தான்.

கில்பிரெத் பின்னாளில் கையையும் முதுகையும் பார்த்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஆள் தரை வரை குனிந்து நிமிர்கிறான். எடுத்த கல்லைப் புரட்டி நல்ல முகம் எது என்று தேடுகிறான். கலவை இறுகிப்போனதால் கரண்டிக் காம்பால் தட்டி உட்கார வைக்கிறான். கில்பிரெத் சாரத்தில் கல்லுக்கும் கலவைக்கும் உயரம் மாற்றக்கூடிய ஒரு மேடை போட்டார். நல்ல முகம் தெரியும்படி கல்லை முன்கூட்டியே அடுக்க ஒரு சித்தாளை வைத்தார். கையால் அழுத்தினாலே கல் உட்காரும் பதத்தில் கலவையைக் குழைக்கச் சொன்னார். 18 அசைவு ஏறக்குறைய 5 ஆனது. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். யாரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லவில்லை.

உங்கள் லைனுக்கு வருவோம். ஒரே ஓவர்லாக் மெஷின், ஒரே டைலர், ஒரு மணி நேரம். டைலருக்குப் பின்னால் நிற்காதீர்கள், முதுகில் கண் பட்டால் யாருக்கும் கை ஓடாது. பக்கவாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பண்டில் (வெட்டிய துணிக்கட்டு) தரையில் கூடையில் இருக்கிறதா, மடியிலா, மேசையிலா? கட்டை அவிழ்க்கப் பல்லைப் பயன்படுத்துகிறாரா? தைத்த பீஸ் விழுகிற இடத்திலிருந்து கைமடி (டைலரின் உதவியாள்) ஒரே கையில் எடுக்க முடிகிறதா, பிரித்து அடுக்கி எடுக்க வேண்டியிருக்கிறதா?

இவற்றைவிட முக்கியமாக, மெஷினில் ஒட்டியிருக்கும் ‘சொந்தச் சரக்கை’ப் பாருங்கள். மேசை விளிம்பில் சுற்றிய துணி, சாக்பீஸ் கோடு, ரப்பர் பேண்டில் செருகிய அட்டைத்துண்டு, கத்தரிக்கோலைத் தொங்கவிட்ட நாடா. கம்பெனி கொடுக்காததை ஆள் தானே செய்துகொண்ட இடம் அது. மேசையில் சாக்பீஸ் கோடு இருந்தால், அளவு தவறாமல் தைக்க அங்கே ஒரு கைடு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே அர்த்தம். பெட்டியில் போடவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பேட்டில் மூன்று பத்தி போதும்: நேரம், பார்த்தது, கேட்டபோது சொன்ன காரணம். இரண்டாவது பத்தியில் ‘சோம்பல்’, ‘கவனமில்லை’ என்றெல்லாம் எழுதக் கூடாது. ‘10:14, பண்டில் வரவில்லை, 4 நிமிடம் கை சும்மா’ என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியை முதல் அரைமணி நேரம் காலியாகவே விடுங்கள். கேள்வி கேட்கத் தொடங்கியதும் அவர் கொத்தனாரின் மூன்றாவது விதத்துக்குப் போய்விடுவார்.

ஒரு பீஸுக்கு 3 விநாடி குனிதல் என்றால் அற்பமாகத் தெரியும். நாளைக்கு 600 பீஸ் என்றால் 1,800 விநாடி, அதாவது முழு அரைமணி. கூடைக்கு அடியில் ஒரு ஸ்டூல் போட்டால் தீர்கிற விஷயத்துக்குத்தான் பெரும்பாலும் இந்த அரைமணி போகிறது.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை. நான் நோட்டுடன் நின்றால் ஆட்களின் வேலையே மாறிவிடுகிறது. சிலர் பறக்கிறார்கள், சிலர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். மெதுவாகச் செய்கிறவர் மட்டும் ஒரு தகவல் தருகிறார்: உங்கள் நோட்டைப் பார்த்து அவருக்குப் பயம்.

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் பிரபலம். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கணக்குச் சரிதானா என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உங்களுக்கு உதவுவது அதே இடத்தில் கடைசியாக நடந்த, அதிகம் பேசப்படாத சோதனை. தொலைபேசி இணைப்பகத்துக்கு வயர் கட்டும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்றிருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஓர் அளவு இருந்தது. அதைத் தாண்டினவனுக்குத் தோளில் ஒரு குத்து. காரணம், கூடுதலாகச் செய்து காட்டினால் நாளை ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற எண்ணம். உங்கள் பட்டறையிலும் பீஸ் ரேட் இருந்தால் இதே எண்ணம் கட்டாயம் இருக்கும்.

ஆகவே கவனிக்கத் தொடங்குமுன், ‘இதை வைத்து ரேட் மாற்ற மாட்டோம், ஆளைக் குறைக்க மாட்டோம்’ என்று எழுதிப் போர்டில் ஒட்டுங்கள், முதலாளி கையெழுத்தோடு. ஒருமுறை மீறினால் அதன் பிறகு இந்த முறையை அந்தப் பட்டறையில் மறந்துவிட வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள், ஆட்கள் உங்களுக்குப் பழகட்டும். ஸ்டாப்வாட்ச் வேண்டாம். வீடியோ எடுப்பதானால் அனுமதி கேட்டு, கை மட்டும் தெரியும்படி எடுத்து, எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். ‘அட, நான் இத்தனை தடவை ஸ்பேனர் தேடுகிறேனா’ என்று அவரே சொல்வது நாம் பத்து முறை சொல்வதற்குச் சமம்.

நின்று பார்க்காமலே கணக்கெடுக்க ஒரு வழி உண்டு. பிரிட்டனின் பருத்தி ஆலைகளுக்காக எல்.ஹெச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர் உருவாக்கியது. ஒழுங்கில்லாத நேரங்களில் பட்டறைக்குள் நடந்து, ஒவ்வொரு மெஷினையும் பார்த்த அந்தக் கணத்தில் ஓடுகிறதா நிற்கிறதா, நின்றால் எதற்கு என்று ஒரு கோடு போடுவது, அவ்வளவே. நேரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். தினமும் 10 மணி, 12 மணி என்று போனால் ஆட்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

100 பார்வையில் 30 முறை மெஷின் நின்றிருந்தால், உண்மை பெரும்பாலும் 21-க்கும் 39-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இருபுறமும் 5 சதவீதத்துக்குள் தெரிய வேண்டுமானால் சுமார் 336 பார்வை தேவை. 8 மெஷின் என்றால் 42 சுற்று, நாளைக்கு 6 சுற்று வீதம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் மூத்த செவிலியர். ஆபரேஷன் முடிந்து நோயாளியை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவரும்போதுதான் குழப்பம். ஒருவர் மானிட்டர் மாட்டுவார், ஒருவர் கேஸ் ஷீட் படிப்பார், ஒருவர் டிரிப்பை மாற்றுவார். ஏதாவது ஒன்று விட்டுப்போகும். வேறு துறைகளைப் பார்த்து இதற்கு ஏதாவது கற்கலாமா?

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதே பிரச்சினை, இதே இடத்தில்: இதய அறுவை முடிந்த குழந்தையை ஐ.சி.யு.வில் ஒப்படைப்பது. அறுவை நிபுணர் மார்ட்டின் எலியட்டும் தீவிர சிகிச்சை மருத்துவர் ஆலன் கோல்ட்மேனும் டி.வி.யில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் பிட்டுக்குள் (பந்தயத்தின் நடுவே காரைச் சரிசெய்யும் இடம்) வருகிறது, ஒரு கூட்டமே சூழ்ந்து டயர் மாற்றுகிறது, சில விநாடியில் கார் போய்விடுகிறது. இங்கும் ஒரு கூட்டம் ஒரு கட்டிலைச் சூழ்கிறது, ஆனால் இப்படி இல்லையே என்று பட்டிருக்கிறது. ஃபெராரி அணியிடம் போய்ப் பேசினார்கள், தங்கள் ஒப்படைப்பை வீடியோ எடுத்துக் காட்டினார்கள்.

அந்த நாட்களில் பிட்டில் கையில் பலகையோடு ஒருவர் நிற்பார். அவர் சொல்லாமல் கார் நகராது. மருத்துவமனை வீடியோவில் அப்படி யாருமே இல்லை. யார் தலைமை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பிட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை, நிற்க ஒரே இடம். வேலை நடக்கும்போது பேச்சுக் கிடையாது.

அதன்படி மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் கருவிகள்: வென்டிலேட்டர், மானிட்டர், டிரிப் பம்ப், வடிகுழாய். இந்தக் கட்டத்தில் கேஸ் பற்றி யாரும் பேசக் கூடாது. எல்லாம் மாட்டிச் சரிபார்த்த பிறகு தகவல்: மயக்க மருத்துவர் ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்வார், பிறகு அறுவை நிபுணர், ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும். மூன்றாவது, எதை எதிர்பார்க்கலாம், என்ன செய்வது என்ற பேச்சு. ஒப்படைப்பு முடியும் வரை மயக்க மருத்துவர் தலைமை. முடிந்ததும் ஐ.சி.யு. மருத்துவரிடம் தலைமை வாய்விட்டுச் சொல்லிக் கைமாறும். 2007-ல் வெளியான அவர்களின் ஆய்வில் மாற்றத்துக்கு முன் 23, பின் 27 ஒப்படைப்புகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். கருவி சார்ந்த தவறு ஒப்படைப்புக்குச் சராசரி 5.42 ஆக இருந்தது 3.15 ஆனது. விட்டுப்போன தகவல் 2.09-லிருந்து 1.07. நேரம் கூடவில்லை, 10.8 நிமிடம் 9.4 ஆகக் குறைந்தது.

உங்கள் இடத்தில் முதலில் ஐந்து ஒப்படைப்புகளைப் பாருங்கள். ஒரு செவிலியர் கட்டிலைத் தொடாமல், கையில் தாளோடு தள்ளி நிற்க வேண்டும். எப்போது பேச்சும் கைவேலையும் ஒரே நேரத்தில் நடந்தது, யார் பாதியில் வெளியே போனார், எந்தத் தகவலை இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது என்று குறிக்கட்டும். அடுத்து, நிற்கிற இடங்களை ஒரு தாளில் வரைந்து, காலிக் கட்டிலில் தலையணையை வைத்து இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். இது எங்கே கெடும் என்றால், பெரிய டாக்டர் நடுவில் வந்து பேசத் தொடங்கும்போது. ‘மானிட்டர் மாட்டும்வரை பேச்சு வேண்டாம்’ என்ற விதியை அவர் வாயாலேயே அறிவிக்க வைத்துவிடுங்கள். செவிலியர் சொன்னால் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

திருச்சியில் மதியச் சாப்பாட்டு மெஸ். 12:30-லிருந்து 2 மணி வரை பார்சல் கூட்டம் தாங்கவில்லை. இன்னொரு ஆளைப் போட்டும் வேகம் கூடவில்லை.

ஆள் கூடினால் இடிபடுவதும் கூடும். அவர்கள் கால் போகிற வழியைப் பாருங்கள்.

ஒரு தெர்மாகோல் அட்டையில் சமையல்கட்டையும் கவுண்டரையும் 1:50 அளவில் வரையுங்கள், 1 மீட்டருக்கு 2 செ.மீ. சாதம், சாம்பார், ரசம், பொரியல், அப்பளம், கவர், ரப்பர் பேண்ட், பில் என்று ஆள் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குண்டூசி. கூட்ட நேரத்தில் ஒரே ஆளின் பத்துப் பார்சலைக் கவனித்து, அவர் போகிற வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாக ஒரு நூலை அதே வரிசையில் ஊசிக்கு ஊசி சுற்றுங்கள். கடைசியில் நூலை அவிழ்த்து அளந்து 50-ஆல் பெருக்குங்கள். நூல் 2.4 மீட்டர் என்றால் பத்துப் பார்சலுக்கு 120 மீட்டர் நடை. இரண்டாம் ஆளுக்கு வேறு நிற நூல். இரண்டு நிறமும் குறுக்கிடும் இடத்தில்தான் ரசம் கொட்டுகிறது, போய்ப் பாருங்கள்.

எந்த இரண்டு ஊசிக்கு நடுவே நூல் தடித்திருக்கிறதோ அவை இரண்டும் பக்கத்தில் வர வேண்டும். பெரும்பாலும் ரப்பர் பேண்டும் கவரும்தான். எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கும், ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு நடை. இலை, கவர், ரப்பர் பேண்ட், ஊறுகாய், அப்பளம் இவற்றை 11:30-க்கே செட் செட்டாக வைத்துவிடலாம். சாம்பாரை மட்டும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ஆறின சாம்பாருக்கு வாடிக்கையாளர் மறுநாள் வர மாட்டார்.

பாத்திரங்களை நகர்த்துமுன் மொட்டை மாடியில் சாக்பீஸால் புது அமைப்பை முழு அளவில் வரைந்து, ஆட்களை வெறுங்கையோடு பத்துப் பார்சல் ‘கட்ட’ச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் ஹாம்பர்கர் கடையின் சமையல்கட்டைத் திட்டமிட்டபோது இதைத்தான் ஒரு டென்னிஸ் மைதானத்தில் செய்தார்கள். அந்தக் கடைகளின் ஒழுங்கு பிடித்துப்போய்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் ஜி. வெங்கடசாமி கண்புரை அறுவையை அதே வழியில் யோசித்தார். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார், மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டால் போதும். 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம் அது.

முன்னும் பின்னும், பில் வாங்கியதிலிருந்து பார்சல் கைக்கு வரும் வரை 20 பேருக்கு நேரம் எடுங்கள். அந்த இரண்டு நாளும் நீங்கள் கவுண்டரில் உட்காராதீர்கள், முதலாளி பார்த்தால் எல்லாரும் ஓடுவார்கள்.

நாங்கள் சாஃப்ட்வேர் நிறுவனம், சென்னை. எல்லாரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

நிறைய. மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள், உங்கள் மென்பொருளுக்கு வெளியே ரகசியமாக ஓடும் எக்ஸெல் கோப்பு, ஒரு திரையிலிருந்து எண்ணைத் தாளில் எழுதி இன்னொரு திரையில் அடிப்பது. இவை திருப்பூர் டைலரின் சாக்பீஸ் கோடுதான். வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய் ஒருவர் பக்கத்தில் 45 நிமிடம் உட்கார்ந்து, எத்தனை முறை விண்டோ மாறுகிறார் என்று எண்ணுங்கள். அவர் திணறும்போது உதவாதீர்கள், இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். 1980-களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மானுடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் மெஷினோடு ஆட்கள் திணறுவதை வீடியோ எடுத்தார். ஒரு வீடியோவில் திணறியவர்கள் இருவர், இருவருமே கணினித் துறையில் பெரிய கை. அதற்குப் பிறகு ‘பயன்படுத்தத் தெரியாதவர்கள்’ என்று சாக்குச் சொல்ல வழியில்லாமல் போனது.

ஓசூரில் சிறிய மெஷின் ஷாப். டொயோட்டா மாதிரி கான்பான் அட்டை (எடுத்த அளவுக்கு மட்டும் அடுத்ததைச் செய்யச் சொல்லும் அட்டை) போட்டோம். அவர்கள் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்து எடுத்த யோசனை என்று படித்தேன். எங்களிடம் அட்டை தூசி படிந்து தொங்குகிறது. ஏன்?

சூப்பர் மார்க்கெட் கதையில் ஒரு சின்னத் திருத்தம். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ 1956-ல் அமெரிக்கா போய்ப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பலரும் எழுதுவார்கள். அதற்கு முன்பே, 1953-ல், டொயோட்டா மெஷின் ஷாப்பில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கேள்விப்பட்டதை வைத்துத் தொடங்கி, பிறகு நேரில் பார்த்தார் என்பதே சரி. அவர் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: வாங்குகிறவர் எடுத்த பிறகுதான் அலமாரித் தட்டில் நிரப்புகிறார்கள், எடுத்த அளவுக்கே நிரப்புகிறார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டது அட்டையை. உங்கள் ஷாப்பில் அட்டை வராமலே போர்மேன் ஒரு பேட்ச் ஓட்டிவிடுகிறாரா என்று பாருங்கள். ஓட்டினால் அந்த நிமிடமே அட்டை செத்துவிட்டது.

அவர் ஏன் ஓட்டுகிறார்? செட்டிங் மாற்ற (வேறு பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்ய) இரண்டு மணி நேரம் ஆகும், மாற்றினது மாற்றினபடி 500 அடித்துவிடலாம் என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆகவே முதலில் செட்டிங் மாற்றுவதைக் கவனியுங்கள்: மெஷின் ஓடும்போதே தேடி எடுத்து வைத்திருக்கக்கூடிய ஜிக் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டம்), டூல், ஸ்பேனர் எவை, நின்ற பிறகுதான் செய்ய முடிகிறவை எவை. முதல் வகையை வெளியே எடுத்தாலே நேரம் நன்றாக இறங்கும்.

அட்டை எண்ணிக்கைக்குக் கணக்கு: ஒரு நாள் தேவை × நிரப்ப ஆகும் நாள் × பாதுகாப்பு, அதை ஒரு பெட்டியின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். நாளைக்கு 240 பீஸ், நிரப்ப அரை நாள், பாதுகாப்பு 1.2, பெட்டிக்கு 24 என்றால் 6 அட்டை. பயத்தில் 15 போட்டால் அது பழைய குடோன்தான்.

பெயர் வேண்டாம். வெல்டிங் ஷாப்பில் வேலை. பைப் நழுவாமல் பிடிக்க ஒரு ஜிக் நானே செய்தேன். சூப்பர்வைசர் தன் யோசனை என்று மேலே சொல்லிவிட்டார்.

போனதைத் திருப்ப முடியுமா என்பது உங்கள் முதலாளியைப் பொறுத்தது. அடுத்த முறை, செய்வதற்கு முன் பழைய முறையில் பத்து ஜாயின்ட்டுக்கு ஆன நேரத்தையும் எத்தனை வளைந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஜிக் பாதி செய்யும்போது போனில் ஒரு போட்டோ, முடிந்ததும் ஒன்று. புது முறையில் இன்னொரு பத்து ஜாயின்ட். இதை ஒரே பக்கத்தில் எழுதி, சூப்பர்வைசருக்கும் மேலாளருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகும். காப்புரிமை வரை போக நினைத்தால் முதலில் வேலை நியமனக் கடிதத்தில் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று இருக்கிறதா பாருங்கள். பட்டறையில் எவரும் யோசிக்கக்கூடிய ஜிக்குக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். உங்கள் சூப்பர்வைசரிடம் கோபம் இருந்தாலும் ஜிக்கை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். அதன் அடிப்பலகையில் உங்கள் இனிஷியலையும் தேதியையும் வெல்ட் ராடாலேயே எழுதிவிடுங்கள், பெயின்ட் அடித்தாலும் தெரியும்.